தப்பு செய்யாதவன் ரத்தம் போலீஸ் கையில் எதற்கு?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரில் தனியாக இருந்த ஒரு பாட்டியை நகைக்காகக் கொன்றுவிட்டார்கள். போலீஸ் ஊர்ப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டுப் போய் மதுரை பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தது. என் மகனும் அதில் ஒருவன், அப்போது அவனுக்கு 20 வயது. டிஎன்ஏ டெஸ்ட் என்றார்கள். ஏதோ பேப்பரில் கையெழுத்து வாங்கினார்களாம், என்ன எழுதியிருந்தது என்று அவன் படிக்கவில்லை. அப்புறம் வெளியூர்க்காரன் ஒருவன் பிடிபட்டு அவன் மேல் கேஸ் நடக்கிறது. என் மகன் இப்போது போலீஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அவன் ரத்தமும் விவரமும் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறதா? அப்படி வைத்துக்கொள்ளலாமா? திரும்பக் கேட்டால் சந்தேகப்படுவார்களோ என்று பயமாக இருக்கிறது. "தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம், விடு" என்கிறார் என் வீட்டுக்காரர்.

பதில்:

அம்மா, முதலில் உங்களைத் தூங்கவிடாத விஷயத்தை முடித்துவிடுவோம். ரத்தம் கொடுத்ததால் உங்கள் மகனின் போலீஸ் வேலைக்கு எந்தத் தடையும் இல்லை. நன்னடத்தை விசாரணையில் பார்ப்பது அவர் மேல் எஃப்ஐஆர் இருக்கிறதா, கைதானாரா, வழக்கு நடந்ததா, தண்டனை உண்டா என்பதைத்தான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தம்பி கைதாகவே இல்லை, குற்றப்பத்திரிகையில் பெயரும் இல்லை. விண்ணப்பத்தில் கேட்கிற கேள்விக்கு உள்ளது உள்ளபடி எழுதட்டும். வழக்கு எதுவும் இல்லை என்றால் இல்லை என்றே எழுதலாம், அது பொய் ஆகாது. அவர் நிம்மதியாகப் படிக்கட்டும்.

அடுத்து, வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி. என் பதில், கூடாது. ஒரு கொலையைத் துப்புத்துலக்க ஊர்ப் பையன்களிடம் ரத்தம் எடுத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், முறையாகக் கேட்டு எடுத்திருந்தால் அது நியாயமான விசாரணைதான். பாட்டியைக் கொன்றவன் பிடிபட வேண்டும் என்று உங்களைவிட யார் ஆசைப்பட்டிருப்பார்கள்? ஆனால் 'இவன் இல்லை' என்று முடிவு வந்த நிமிஷத்தோடு அந்த ரத்தத்தின் வேலை முடிந்துவிட்டது. தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போனதற்காக எல்லார் வீட்டுச் சாவியையும் வாங்கிப் பார்த்த அதிகாரி, திருடன் அகப்பட்ட பிறகும் சாவிகளைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால் நாம் சும்மா இருப்போமா? கேட்போம்தானே.

உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற வார்த்தையை நான் கோர்ட் வாசலில் தினமும் கேட்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நேர்மையாக வாழ்கிறவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். ஆனாலும் அவருக்கு ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள், இங்கிலாந்தில் நடந்தது. ஸ்விண்டன் என்ற ஊரில் ஒருவர், பார்க்கின்சன் நோய் முற்றியவர், யாராவது துணைக்கு இருந்தால்தான் உடை உடுத்த முடியும். எப்போதோ ஒரு குடும்பத் தகராறில் போலீஸ் அவரிடம் டிஎன்ஏ எடுத்துப் பட்டியலில் ஏற்றியிருந்தது. சில வருஷம் கழித்து, 1999-இல், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற போல்டன் என்ற ஊரில் ஒரு வீடு உடைக்கப்பட்ட வழக்கில் கிடைத்த தடயம் அவருடைய விவரத்தோடு பொருந்திவிட்டது. அப்போது டிஎன்ஏ-வில் ஆறு இடங்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அப்படித் தற்செயலாகப் பொருந்த 3 கோடியே 70 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று கணக்கு. அவர் கைதானார். அவருடைய வக்கீல் விடாப்பிடியாகக் கேட்டதால் பத்து இடங்களை வைத்து மறுபடி சோதித்தார்கள், அவர் இல்லை என்று தெரிந்தது. அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவருடைய விவரம் பட்டியலில் இருந்தது, வந்த வினை அவ்வளவுதான்.

இப்போது அதைவிட நிறைய இடங்களை ஒப்பிடுகிறார்கள், அதனால் தற்செயலாக ஆள் மாறுவது மிக மிக அபூர்வம், இதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எண்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மாதிரியைத் தொடுவது மனிதக் கை. ஜெர்மனியில் ஹைல்பிரான் என்ற ஊரில் 2007-இல் ஒரு பெண் போலீஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டிஎன்ஏ, ஏற்கெனவே பல கொலை, கொள்ளைகளில் கிடைத்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ-வோடு பொருந்தியது. மூன்று நாட்டுப் போலீஸும் அந்த முகம் தெரியாத பெண்ணைத் தேடியது. 2009-இல் உண்மை வெளியே வந்தது. தடயம் எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளைத் தயாரிக்கிற இடத்தில் வேலை பார்த்த ஒரு தொழிலாளியின் டிஎன்ஏ அது. தேடின குற்றவாளி என்று ஒருத்தி இல்லவே இல்லை. அந்தத் தொழிலாளியின் விவரம் போலீஸ் பட்டியலில் பெயரோடு இருந்திருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் பக்கத்துத் தேனி மாவட்டத்துக்கே வாருங்கள். சுருளி அருவிப் பக்கம் 2011-இல் ஒரு இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கு. கீழ்க் கோர்ட் ஒருவருக்குத் தூக்கு விதித்தது, நம் ஐகோர்ட் மதுரைக் கிளையும் அதை உறுதி செய்தது. டிஎன்ஏ அறிக்கைதான் அந்த வழக்கின் முக்கியமான சாட்சியம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. காரணம், எடுத்த மாதிரிகள் யார் கையில் இருந்தன, எப்படி வைக்கப்பட்டிருந்தன, ஆய்வகம் போய்ச் சேர ஏன் அவ்வளவு நாள் ஆனது என்பதற்கெல்லாம் ஒழுங்கான பதில் இல்லை. அந்தத் தீர்ப்பில்தான் நாடு முழுவதுக்கும் சேர்த்து உத்தரவு போட்டார்கள்: மாதிரியை முறையாக மூடி, விவரம் எழுதி, 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், கோர்ட் அனுமதி இல்லாமல் திறக்கக் கூடாது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவேடு வைக்க வேண்டும். தூக்குத் தண்டனை வழக்கின் மாதிரியையே இப்படித்தான் வைத்திருந்தார்கள் என்றால், 'சம்பந்தமில்லை' என்று ஒதுக்கிய உங்கள் மகனின் ரத்தக் குப்பி எந்த அலமாரியில், எந்தப் பெயர் ஒட்டி இருக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தம் வேறு, அதிலிருந்து எடுக்கிற எண் பட்டியல் வேறு. ஆள் அடையாளத்துக்கு அந்த எண்கள் போதும், நோய் நொடியைப் பற்றி அவை பெரிதாக எதுவும் சொல்லாது. ஆனால் குப்பியில் இருக்கிற ரத்தத்தில் பரம்பரை நோய் முதல் யார் யாருக்குப் பிள்ளை என்பது வரை எல்லாம் இருக்கிறது. அதோடு அது உங்கள் மகனுடையது மட்டும் இல்லை. பாதி உங்களுடையது, பாதி அவர் அப்பாவுடையது. அவருடைய தம்பி தங்கை, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் வரை அந்த ஒரு குப்பியைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் எழுபது எண்பதுகளில் கொலைகள் செய்த ஒருவனை 2018-இல் அப்படித்தான் பிடித்தார்கள். அவன் டிஎன்ஏ எங்கேயும் பதிவாகவில்லை, வம்சம் தேடுகிற இணையதளத்தில் அவனுடைய தூரத்து உறவினர்கள் பதிந்திருந்த விவரத்தை வைத்து வளைத்தார்கள். பிடிபட்டவன் கொடியவன், பிடித்தது நல்லதுதான். ஆனால் ஒரு ஆளின் மாதிரியைப் பத்திரப்படுத்துவது ஒரு பங்காளி வகையறாவையே பதிவு செய்வதற்குச் சமம் என்பதும் அதிலேயே தெரிகிறது. ஒருவருக்கொருவர் உறவாகவே இருக்கிற நம் கிராமங்களில் பத்துப் பையன்களின் ரத்தம் என்றால் கிட்டத்தட்ட ஊரே உள்ளே வந்துவிடும்.

உங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. பெருங்காமநல்லூர் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1920 ஏப்ரல் 3. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ஆம்பளைகள் எல்லாரும் வந்து கைரேகை பதிய வேண்டும் என்று வெள்ளைக்காரப் போலீஸ் வந்து நின்றது. ஒரு வழக்கிலும் சம்பந்தப்படாதவன்கூட, அந்த சாதியில் பிறந்தான் என்பதற்காகவே ரேகை வைக்க வேண்டும், ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போனால் சீட்டு வாங்க வேண்டும். முடியாது என்றது ஊர். துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் செத்தார்கள், பிடித்தவர்களைச் சங்கிலி போட்டுத் திருமங்கலம் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போனார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. அன்றைக்கு அவர்கள் மறுத்தது விரலில் மை தொடுவதை இல்லை, குற்றம் செய்யாமலே குற்றவாளிப் பட்டியலில் ஏறுவதை மறுத்தார்கள். இன்றைக்கு இருக்கிற சட்டம் சாதி பார்த்து எடுக்கச் சொல்லவில்லை, இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் கூப்பிட்டு ரத்தம் எடுக்கப்படுகிறவர்கள் யார் என்று பார்த்தால் எப்போதும் கூலிக்குப் போகிறவன், காலனிப் பையன், வேலையில்லாமல் டீக்கடையில் நிற்கிறவன். அவர்களின் விவரத்தை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டே போனால், நாளைக்கு எந்தத் தடயத்துக்கும் முதலில் தேடப்படுவது அவர்களும் அவர்கள் சொந்தக்காரர்களும்தான்.

புதுக்கோட்டை வேங்கைவயல் விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். 2022 டிசம்பரில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமை. விசாரணையில் சிறுவர்கள் உட்பட முப்பது பேருக்கு மேல் டிஎன்ஏ எடுத்தார்கள். பாதிக்கப்பட்ட மக்களிடமே எடுத்தார்கள், சிலர் மறுத்து மதுரைக் கிளை வரைக்கும் வந்தார்கள். எடுத்த மாதிரி எதுவும் பொருந்தவில்லை என்றுதான் கடைசியில் செய்தி வந்தது. சரி, பொருந்தவில்லை. அப்படியென்றால் அந்தச் சிறுவர்களின் ரத்தத்தை வைத்து இனி செய்ய வேண்டிய வேலை என்ன?

சட்டத்துக்கு வருவோம். 2022 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருப்பது குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம். 1920-இல் வந்த பழைய கைதிகள் அடையாளச் சட்டத்தை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். பழையதில் விரல் ரேகை, கால் தடம், போட்டோ, இவ்வளவுதான். புதியதில் கருவிழி, ரத்தம் போன்ற உடல் மாதிரிகள், அவற்றின் ஆய்வு முடிவுகள், கையெழுத்து எல்லாம் சேர்ந்துவிட்டன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இந்த விவரங்களை 75 வருஷம் வைத்திருக்கலாம். உங்கள் மகனிடம் 20 வயதில் எடுத்தது அவருக்கு 95 வயதாகும் வரை இருக்கலாம் என்று அர்த்தம்.

ஆனால் அதே சட்டத்தில் 4-ஆவது பிரிவில் ஒரு நல்ல வரி இருக்கிறது. முன்பு தண்டனை பெறாத ஒருவர், விசாரணை இல்லாமல் விடப்பட்டாலோ, வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டாலோ, விடுதலையானாலோ, எடுத்த விவரங்களை அழித்துவிட வேண்டும், கோர்ட்டோ மாஜிஸ்திரேட்டோ காரணம் எழுதி வேறு மாதிரி உத்தரவு போட்டால் தவிர. இது புதுச் சலுகையும் இல்லை, வெள்ளைக்காரன் போட்ட 1920 சட்டத்திலேயே இருந்தது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், மேல்முறையீடு எல்லாம் முடிந்த பிறகுதான் அழிப்பார்கள். நம் கோர்ட்டுகளில் அது எத்தனை வருஷம் இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும். அப்புறம் அதுவாக அழியாது, நாம்தான் கேட்க வேண்டும். விதிகளின்படி மாநில அரசு இதற்கென்று ஒரு பொறுப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும், மனு அவருக்குப் போக வேண்டும், அவர் வேறு வழக்கு எதிலும் தொடர்பு இல்லை என்று பார்த்துவிட்டு அழிக்கச் சொல்லிக் காப்பகத்துக்கு எழுதுவார். தப்பு செய்யாதவன் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வழக்கு முடிந்த தேதியில் தானாக அழிய வேண்டும், அழித்தோம் என்று சம்பந்தப்பட்டவருக்குக் கடிதம் வர வேண்டும். நான் விரும்புகிற சட்டம் அதுதான்.

உங்கள் மகன் விஷயத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இந்தச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு தண்டனை பெற்றவர்கள், நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுத்தவர்கள், கைதானவர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்கள் ஆகியோரைப் பற்றித்தான் பேசுகிறது. கைதாகாத ஒருவரிடம் எடுக்க வேண்டும் என்றால் 5-ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட் உத்தரவு போட வேண்டும். அதுவும் இல்லாமல் கூப்பிட்டு எடுத்தால் அது அவராகச் சம்மதித்துக் கொடுத்தது என்றுதான் ஆகும், அந்தக் கையெழுத்து அதற்குத்தான் வாங்கியிருப்பார்கள். இப்போது 4-ஆவது பிரிவை மறுபடி படியுங்கள். விசாரணை இல்லாமல் விடப்பட்டவர், விடுவிக்கப்பட்டவர், விடுதலையானவர். உங்கள் மகன் இதில் எவருமே இல்லையே! அவர் மேல் வழக்கே இல்லாததால் அழிக்கச் சொல்கிற வரிக்குள் அவர் நேராக வரவில்லை. குற்றம் சாட்டப்பட்டு விடுதலையானவனுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிற பாதுகாப்பு, சந்தேகமே இல்லாத ஊர்ப் பையனுக்குச் சொல்லப்படவில்லை. டிஎன்ஏ-வுக்கென்றே ஒரு மசோதா 2019-இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது, 2023 ஜூலையில் அரசே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. அதனால் இந்த ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது.

அதற்காக உங்களுக்கு வழியே இல்லை என்று ஆகாது. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டார்கள். அரசு அதில் கை வைக்க வேண்டும் என்றால் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது. கொலையாளி பிடிபட்ட பிறகு, அவன் இல்லை என்று தெரிந்தவனின் ரத்தத்தை வைத்திருப்பதற்கு நோக்கம் என்று எதைச் சொல்வார்கள்? சட்டமே இல்லாமல் சம்மதத்தின் பேரில் எடுத்தது என்றால், அந்தச் சம்மதம் அந்த ஒரு வழக்குக்குத்தான்.

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் நான் லேசாக ஒதுக்கவில்லை. ஒரு பெண் குழந்தைக்குக் கொடுமை நடந்து, யாரென்று தெரியாமல் வழக்கு கிடக்கிறது, எப்போதோ எடுத்து வைத்த ஒருவனின் மாதிரியால் அது துலங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 'அதை அழித்திருக்க வேண்டும் என்கிறாயா?' என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கஷ்டமான கேள்விதான். பெண் பிள்ளையைப் பெற்ற யாரும் அதை லேசாகக் கடந்துபோக முடியாது. ஆனால் அதற்குப் பத்திரப்படுத்த வேண்டியது குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த தடயத்தை. அது ஒழுங்காக இருந்தால் பத்து வருஷம் கழித்துச் சந்தேகத்துக்கு ஆளாகிறவனிடம் மாதிரி எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். தண்டனை பெற்றவர்களின் விவரத்தையும் வைத்திருங்கள், நான் மறுக்கவில்லை. நிரபராதிகளையும் சேர்த்து வைத்தால் இன்னும் சில வழக்குகள் துலங்கும் என்பது உண்மையாகவே இருக்கலாம். அதே கணக்கில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தையிடமும் எடுத்து வைத்தால் இன்னும் அதிகம் துலங்கும். அதற்கு யாரும் சம்மதிக்க மாட்டோம் இல்லையா, பிறகு உங்கள் மகன் மட்டும் எதற்குச் சம்மதிக்க வேண்டும்?

இதைச் செய்து பார்த்த நாடே பின்வாங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் கைதான யாருடைய டிஎன்ஏ-வையும், விடுதலையானாலும், காலவரையறை இல்லாமல் வைத்திருந்தார்கள். 2001-இல் கொள்ளை முயற்சி என்று பிடிக்கப்பட்டு விடுதலையான 11 வயதுப் பையன் ஒருவனும், வழக்கு கைவிடப்பட்ட மார்ப்பர் என்பவரும் அழிக்கச் சொல்லிக் கேட்டார்கள், போலீஸ் மறுத்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 டிசம்பரில் 17 நீதிபதிகளும் ஒரே குரலாகச் சொன்னார்கள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் மாதிரியை இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வைத்திருப்பது அந்தரங்க வாழ்வுக்கான உரிமையை மீறுவது என்று. பிறகு 2012-இல் அங்கே புதுச் சட்டம் வந்து, நிரபராதிகளின் விவரம் 17 லட்சத்துக்கு மேல் நீக்கப்பட்டது. எடுத்த ரத்தம், எச்சில் மாதிரிகள் எழுபது லட்சத்துக்கு மேல் அழிக்கப்பட்டன. யாருடைய மாதிரியாக இருந்தாலும் ஆறு மாதத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்பது இப்போது அங்கே விதி. இத்தனை லட்சம் பேரை நீக்கியும், குற்ற இடத்துத் தடயம் பட்டியலில் யாரோடாவது பொருந்துகிற விகிதம் சரிந்துவிடவில்லை.

டிஎன்ஏ-வை வைத்து ஆளை அடையாளம் காண்கிற முறையைக் கண்டுபிடித்த அலெக் ஜெஃப்ரீஸே நிரபராதிகளின் விவரத்தை வைத்திருப்பதை எதிர்த்து வெளிப்படையாகப் பேசியவர். 1986-இல் லெஸ்டர் பக்கம் இரண்டு சிறுமிகள் கொலையில் அவருடைய சோதனை முதலில் செய்தது என்ன தெரியுமா? போலீஸ் பிடித்து வைத்திருந்த, ஒரு கொலையை நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டே விட்ட 17 வயதுப் பையன் நிரபராதி என்று காட்டியது. உண்மையான ஆள் பிறகுதான் பிடிபட்டான். டிஎன்ஏ மேல் எனக்கு இருக்கிற மரியாதை அதனால்தான், அதைக் கெட்ட வழிக்குக் கொண்டுபோகக் கூடாது என்கிற கவலையும் அதனால்தான்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. மனு எல்லாம் உங்கள் மகன் பெயரில் போகட்டும், அவர் மேஜர்.

முதலில் எஸ்பி அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு ஆர்டிஐ மனு. கோபமாக எழுத வேண்டாம். இன்ன குற்ற எண் வழக்கில் இன்ன தேதியில் என்னிடம் ரத்தம் எடுக்கப்பட்டது, எந்தச் சட்டப் பிரிவின்படி, மாஜிஸ்திரேட் உத்தரவு இருந்தால் அதன் நகல், நான் கையெழுத்துப் போட்ட பேப்பரின் நகல், எந்த ஆய்வகத்துக்கு எப்போது போனது, மீதி மாதிரி இப்போது எங்கே, என் விவரம் தேசியக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டதா. இவ்வளவு போதும். குற்ற எண் தெரியாவிட்டால் ஸ்டேஷன் பெயரும் மாதமும் போட்டாலே கண்டுபிடித்துவிடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது விசாரணை பாதிக்கும் என்று மறுத்தால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. குற்றப்பத்திரிகை போட்டுக் கேஸ் நடக்கிறபோது, ஒதுக்கப்பட்டவரின் சொந்த மாதிரியைப் பற்றிச் சொன்னால் விசாரணை எப்படிப் பாதிக்கும் என்று அவர்கள்தான் விளக்க வேண்டும், மேல்முறையீட்டில் அதையே எழுதுங்கள்.

கூடவே விசாரணை அதிகாரிக்கும் எஸ்பி-க்கும் ஒரு மனு, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. என் சம்மதம் அந்த வழக்குக்கு மட்டும், அதை இப்போது திரும்பப் பெறுகிறேன், மீதி மாதிரியையும் என் விவரத்தையும் அழித்து எழுத்தில் தெரிவியுங்கள் என்று. ஒரு விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம் வரக்கூடும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வக அறிக்கையில் 'பொருந்தவில்லை' என்று உங்கள் மகன் பெயர் இருந்தால் அந்தக் காகிதம் கேஸ் கட்டில்தான் இருக்கும், அதை யாரும் கிழிக்க முடியாது, கிழிக்கவும் கூடாது. அது அவருக்கு நல்லதைத்தான் சொல்கிறது. பிடிபட்டவனின் வக்கீல் மறு சோதனை கேட்கலாம், அதனால் விசாரணை முடியும் வரை மாதிரி வேண்டும் என்று போலீஸ் சொன்னால் அதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. அப்படிச் சொன்னால், இந்த வழக்குக்கு மட்டும்தான் வைத்திருக்கிறோம், வேறு எதோடும் ஒப்பிட மாட்டோம், முடிந்ததும் அழிப்போம் என்று எழுதி வாங்குங்கள்.

இதற்கெல்லாம் அசையவில்லை என்றால் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். செலவுக்குப் பயப்பட வேண்டாம். ஐகோர்ட் கிளையிலும் மாவட்டக் கோர்ட்டிலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவசமாக வக்கீல் தருவார்கள், பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. ரத்தம் கொடுத்த மற்றப் பையன்களும் சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது. தனி ஆள் கேட்டால் 'இவனுக்கு என்ன அவசரம்' என்று பார்ப்பார்கள் என்கிற உங்கள் பயம் பாதி அங்கேயே போய்விடும். மீதிப் பாதிக்கு என் பதில், தன் உரிமையை எழுத்தில் கேட்டதையே சந்தேகத்துக்குக் காரணமாகக் காட்ட முடியாது, அப்படி யாராவது ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி மிரட்டினால் அந்தத் தேதியையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு ஒரு வக்கீலோடு போங்கள்.

இனிமேல் ஊரில் வேறு யாரையாவது ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லி வையுங்கள். மாஜிஸ்திரேட் உத்தரவு இருக்கிறதா என்று கேட்கட்டும். இருந்தால் மறுக்க வேண்டாம், மறுத்தால் அரசு ஊழியரின் வேலையைத் தடுத்த குற்றம் ஆகிவிடும். உத்தரவு இல்லை, சம்மதித்துத்தான் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றால் கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் இஷ்டம். கொடுக்க நினைத்தால் கையெழுத்துக்கு மேலே தன் கையாலேயே 'இந்தக் குற்ற எண் வழக்குக்கு மட்டும் சம்மதிக்கிறேன், பொருந்தாவிட்டால் அழித்துவிட வேண்டும்' என்று எழுதிவிட்டுப் போடட்டும், ஒரு நகலும் கேட்டு வாங்கட்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் எடுக்கட்டும், ஸ்டேஷனில் வைத்து எடுக்க விட வேண்டாம்.

ஆர்டிஐ மனுவைத் தம்பியே எழுதட்டும். போலீஸ் வேலைக்குப் போகப்போகிறவர், இந்தப் பிரிவுகள் அவருக்கு நாளைக்கும் வேண்டும். பதில் வந்ததும் நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த மனுவில் என்ன எழுத வேண்டும் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.